வேளையும் வேம்பும்: சங்கச் செய்யுளில் காட்டுணவின் பொருள்

பங்குனித் திங்களின் இறுதியிலும் சித்திரையின் தொடக்கத்திலும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் உள்தெருக்களில் விடியற்காலையில் செல்வார் ஒரு காட்சியைக் காண்பர். வேப்பமரத்தடியில் பழஞ்சேலை ஒன்று விரிக்கப்பட்டிருக்கும். இரவில் உதிர்ந்த பூவைப் பெண்டிர் சேர்த்தெடுத்துக் காம்பு நீக்கிப் புடைத்து வெயிலில் உலர்த்துவர். சித்திரை முதல்நாள் பச்சடியில் வெல்லம், புளி, மாங்காய் ஆகியவற்றோடு இப்பூவும் சேரும். எஞ்சியது ஆண்டு முழுதும் சாற்றுக்கு உதவும். இப்பகுதியில் வாழும் தெலுங்கு மொழியாளர் உகாதியன்று இதனையே செய்வர். அதே காலத்தில் திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரங்களில் நுங்குக் குலைகளும் கொடுக்காப்புளிக் கூறுகளும் விற்பனைக்கு வரும். கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றிய மரத்தின் காய்; சங்கப் புலவர் அதனை அறியார். வேம்பையும் பனையையும் அவர் நன்கு அறிவர்.

ஆவடிக்கு மேற்கே இருப்புப்பாதையில் உள்ள ஓர் ஊர் வேப்பம்பட்டு எனப் பெயர் பெற்றுள்ளது. பூவிருந்தவல்லிக்கு அணித்தாக வேற்காடு உள்ளது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே முல்லைவாயில் உள்ளது. மரமும் கொடியும் ஊர்ப்பெயராக நிலைத்த நிலப்பகுதி இது. இங்கு இன்றும் வாழும் இளவேனில் வழக்கத்தைத் தொடக்கமாகக் கொண்டு, சங்கச் செய்யுளில் காட்டுணவு பெறும் பொருள் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காட்டுணவு என்று ஈண்டு யாம் குறிப்பது, உழுது வித்தி நீர் பாய்ச்சிப் பெறாத கீரை, பூ, கிழங்கு, காய், கனி, புல்லரிசி ஆகியவற்றை என்க.

இரு கொள்கைகள்

காட்டுணவு பற்றிய சங்கப் பாடற்பகுதிகளுக்கு வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே விளக்கம் தரப்படுகின்றது. கீரை உண்டாள் என்றால் வறுமை. கிழங்கு உண்டார் என்றால் நாகரிக வளர்ச்சியின் தொடக்கநிலை. இவ்விளக்கத்தைப் பயின்ற மாணவர், செடியின் பெயரைக் கண்டவுடனே பாட்டின் சுவை அவலம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான கொள்கை ஒன்றும் பரவி வருகின்றது. பழந்தமிழர் கீரையும் கிழங்கும் உண்டு நோயின்றி வாழ்ந்தனர். ஆதலின் அப்பாடல்கள் யாவும் நல்வாழ்வுக்குச் சான்று என்பது அக்கொள்கை. முன்னது எல்லாவற்றையும் இரங்கத்தக்கதாக்குகின்றது. பின்னது எல்லாவற்றையும் மகிழத்தக்கதாக்குகின்றது. இரண்டிற்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. உணவின் பொருளைச் செடியிலே தேடுதலே அப்பிழை. புலவர் அதனைச் செடியில் வைக்கவில்லை என்பது எம் கருத்து. உண்பவர் பருவம் பார்த்துக் காத்திருக்க இயன்றதா, வாயிலைத் திறந்துவைத்துப் பிறரோடு பகிர இயன்றதா என்னும் இரண்டிலேயே அதனை வைத்தனர். ஒரே செடி மூன்று செய்யுட்களில் மூவேறு பொருள் தருதலைக் கொண்டு இதனை நிறுவலாம். அச்செடி வேளை.

வடக்கிருந்த மன்னனும் வேளைப் பூவும்

வெள்ளிய பூவையுடைய வேளையை இக்காலத்தார் நல்வேளை என்றும் தைவேளை என்றும் வழங்குவர். குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தானே முளைப்பது. இலை சிறிது கசப்புடையது. மஞ்சட்பூவுடைய நாய்வேளை இதனின் வேறு.

புறநானூற்று 215ஆம் பாட்டு கோப்பெருஞ்சோழன் பாடியது. அரசு துறந்து வடக்கிருந்த அவன், தன்னைக் காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையார் உறுதியாக வருவார் என்று ஐயுற்றாரை நோக்கிக் கூறுகின்றான். நண்பர் வாழும் பாண்டிநாட்டை அவன் எவ்வாறு அறிமுகம் செய்கின்றான் என்பது நோக்கத்தக்கது. முத்தும் ஆரமும் தமிழ்ச் சங்கமும் அவன் கூற்றில் இல்லை. குற்றிய வரகின் சோறும், எருப்பொடி படிந்த தெருவில் தழைத்த வேளையின் பூவைத் தயிரில் இட்டு ஆயர்மகள் ஆக்கிய புளிப்புடைய உணவும், அவரை பறிப்போர் அதனை வயிறார உண்பதுமே அவன் காட்டும் காட்சி.

இதனைப் பாடியவன் உணவை முற்றும் துறந்திருந்தவன் என்பதை மறந்தால் பாட்டின் ஆழம் புலப்படாது. இனி உண்ணேன் என்று இருந்தவன் நினைவில் எழுந்தது அரண்மனை உணவன்று. தெருவோரச் செடியின் பூ. அதனை அவன் வறியோர் உணவாகக் கருதியிருப்பின், தன் ஆருயிர் நண்பரின் நாட்டுக்கு அடைமொழியாக்கியிரான். இங்கு வேளை பூத்திருக்கின்றது, அவரையும் பறிக்கும் பதம் அடைந்துள்ளது, வரகு குற்றப்பட்டுள்ளது, தயிர் உறைந்துள்ளது. யாவும் தத்தம் காலத்தில் முற்றியவை. உண்போரும் தனியர் அல்லர். களத்தில் உடன் உழைத்தோர். பருவமும் பகிர்வும் நிறைந்த இடத்தில் வேளை நிறைவின் உணவாயிற்று.

முற்றாத தளிர்

இனிப் பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்று 159ஆம் பாட்டைக் காண்போம். புலவரின் மனைவி குப்பையிலே முளைத்த கீரையைக் கொய்கின்றாள். உப்பில்லை, மோரில்லை, சோற்றை மறந்தே போயினாள். வெறுங்கீரையை நீரில் வேகவைத்து உண்கின்றாள். இவ்வளவும் யாவரும் எடுத்துக்காட்டுவனவே. யாம் இங்குச் சுட்ட விழைவது பெரும்பாலும் கவனம் பெறாத ஒரு நுட்பம். முன்பு கிள்ளிய கணுவிலே மீண்டும் தழைத்த தளிரை, அது முற்றுமுன்னரே அவள் கொய்துவிடுகின்றாள் என்கின்றார் புலவர். நேற்றுக் கிள்ளிய இடத்திலேயே இன்றும் கை செல்கின்றது. செடி வளரும் விரைவைவிடப் பசி வளரும் விரைவு மிகுதி. வறுமையின் அளவை இதனினும் நுண்ணிதாகக் காட்டுதல் அரிது. கீரையைக் காட்டியதால் வறுமை தோன்றவில்லை. கீரை வளரும் வரை காத்திருக்க இயலாமையைக் காட்டியதால் தோன்றிற்று.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் கிணைமகளின் அடுக்களையும் இவ்வகையில் ஆராய்தற்குரியது. கூரை சிதைந்து, சுவரில் காளான் பூத்து, ஈன்றணிமை நாய் குரைக்கும் அவ்வடுக்களையில், நகத்தாற் கிள்ளிய குப்பை வேளை உப்பின்றி வேகின்றது. அவள் அதனைத் தனித்து உண்ணவில்லை. பெருஞ்சுற்றத்தோடு சேர்ந்தே உண்கின்றாள். ஆயினும் உண்பதற்கு முன் ஒன்று செய்கின்றாள். அறிவில்லார் காண்பர் என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். வீட்டினுள் பகிர்வு உண்டு. வீட்டுக்கும் ஊருக்கும் இடையே பகிர்வு அறுந்தது. கோப்பெருஞ்சோழன் பாட்டில் தெருவில் முளைத்துப் பலரால் உண்ணப்பட்ட அதே செடி, இங்குத் தெரு காணாதபடி உண்ணப்படுகின்றது. அவலம் வேளையில் இல்லை. அடைத்த கதவில் உள்ளது.

தொண்டை நாட்டின் தேக்கிலை

அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் அடங்கிய நிலம் பண்டைத் தொண்டை நாட்டைச் சார்ந்தது. அந்நாட்டு வேந்தன் தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குச் செல்லும் வழியில் பாணர் பெறும் உணவுகளை நிலந்தோறும் வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் எயினர் குடியிருப்பு வருகின்றது.

எயிற்றியர் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி தொகுக்கின்றனர். விளாமர நிழலில் நிலத்தே தோண்டிய உரலில் அதனைக் குற்றுகின்றனர். ஆழ்கிணற்றின் உவர்நீரை முகந்து, விளிம்பு சிதைந்த பானையில் இட்டு, முரிந்த அடுப்பில் ஏற்றி, உப்புக்கண்டத்தோடு ஆக்குகின்றனர். வறுமையைக் காட்டும் கருவிகள் யாவும் இங்கு உள. பானை சிதைந்தது, அடுப்பு முரிந்தது, நீர் உவர்ப்பது, அரிசியோ எறும்பின் சேமிப்பு. கிணைமகளின் அடுக்களையினும் இது வளமுடையது என்று எவரும் கூறார். ஆயினும் இப்பகுதியைப் படிப்பார்க்கு இரக்கம் தோன்றுவதில்லை. ஏன்? அவ்வுணவு தெய்வத்துக்குப் படைக்கும் படையல்போலத் தேக்கிலையில் குவிக்கப்பட்டு, முன்பின் அறியாத பாணர் சுற்றத்துக்கு வழங்கப்படுகின்றது. கதவடைத்தல் என்னும் செய்தியே அங்கு இல்லை. புல்லரிசி விருந்தாகும்போது அதனை ஆக்கியோர் வறியர் என்னும் எண்ணம் மறைந்துவிடுகின்றது.

அந்நூலே பின்னர்த் தோட்டக்குடியினர் இல்லத்தில் பனை நுங்கும் பிற இனிய பண்டங்களும் தின்று தெவிட்டியபின் சேம்பின் முற்றிய கிழங்கை உண்ணலாம் என்கின்றது. முன்னே புலவர் மனைவி கொய்தது முற்றாத தளிர். இங்கு விருந்தினர் பெறுவது முற்றிய கிழங்கு. முற்றுதல் என்னும் ஒரு பண்பு எவ்வளவு கருதிக் கையாளப்பட்டுள்ளது என்பது இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு விளங்கும்.

கைம்மை உணவு

வேளை வரும் மூன்றாம் செய்யுள் புறநானூற்று 246ஆம் பாட்டு. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கிக் கூறுவது. நெய் தீண்டாத, நீர் பிழிந்த சோற்றோடு எள் துவையலும், புளியிட்டு வேகவைத்த வேளையும் உண்டு, பரற்கல்லின்மேல் பாயின்றிக் கிடக்கும் பெண்டிருள் தான் ஒருத்தி அல்லள் என்கின்றாள்.

உப்பும் மோரும் இன்மையே காட்டுணவை அவலமாக்குவது என்று ஒருவர் கூறலாம். இப்பாட்டு அதனை மறுக்கின்றது. இங்குப் புளி உண்டு, எள் உண்டு, சோறும் உண்டு. கிணைமகள் இவற்றைப் பெற்றிருப்பின் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். ஆயினும் அரசமாதேவி இவ்வுணவினும் தீயே இனிது என்றாள். ஏன்? அது அவள் விரும்பிய உணவன்று, விதிக்கப்பட்ட உணவு. இனி அவளுக்குக் காரும் வேனிலும் ஒன்றே. விழா நாளும் வெறுநாளும் ஒன்றே. பருவம் என்பதே அவள் வாழ்விலிருந்து நீக்கப்பட்டது.

இது வலிந்து கொண்ட பொருளன்று என்பதற்குப் புறநானூற்று 248ஆம் பாட்டு துணைநிற்கின்றது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய அதில் கைம்பெண் ஒருத்தி ஆம்பலை நோக்கி இரங்குகின்றாள். இளமையில் அவளுக்குத் தழையாடையான ஆம்பலே, கணவன் மறைந்தபின், உண்ணற்குரிய பொழுது மறுக்கப்பட்ட நாட்களில் உணவாயிற்று. செடி மாறவில்லை, காலம் மாறிற்று. பொழுது மறுத்தல் என்னும் செய்தியைப் புலவர் வெளிப்படையாகவே வைத்துள்ளார்.

மூன்று செய்யுட்களிலும் வேளை ஒன்றே. சோழன் பாட்டில் அது பருவத்தின் நிறைவு. கிணைமகள் வீட்டில் மறைத்து உண்ணும் பசிக்குணவு. பெருங்கோப்பெண்டின் வாக்கில் வாழ்வு மறுக்கப்பட்டதன் அடையாளம். வேளை என்னும் சொல் பொழுதையும் குறிக்கும். இதனைக் கொண்டு சொற்பிறப்புக் கூற யாம் முற்படவில்லை. எனினும் இப்பாடல்களைக் கற்பிக்குங்கால் மாணவர் நினைவில் நிற்க அவ்வொற்றுமை உதவும்.

இளவேனிலும் கசப்பும்

இதுகாறும் கண்டவை பெரும்பாலும் புறப்பாடல்கள். அகத்தில் இளவேனில் உணவு எவ்வாறு நிற்கின்றது? தொல்காப்பியம் பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாக வகுத்தது. ஆகவே வேம்பு பூக்குங்காலம் அகமரபில் பிரிவின் காலம். குறுந்தொகை 24ஆம் பாட்டில் பரணரின் தலைவி, வேம்பின் புதுப்பூ வரவு தலைவன் இன்றியே கழிந்துவிடுமோ என்று வருந்துகின்றாள். பூ தன் காலத்தில் வந்துவிட்டது. அதனை உடன் காண வேண்டியவன் வரவில்லை. பருவம் உண்டு, பகிர்வு இல்லை. புறத்தில் பசியாக நின்ற குறை அகத்தில் பிரிவாக நிற்கின்றது.

மிளைக் கந்தன் பாடிய குறுந்தொகை 196ஆம் பாட்டு இதன் மறுதலை. முன்பு தலைவி வேம்பின் பசுங்காயைத் தரினும் இனிய கட்டி என்றான் தலைவன். இப்போது தைத் திங்களில் பாரியின் பறம்பிலுள்ள குளிர்ந்த சுனைநீரைத் தரினும் வெப்பமும் உவர்ப்பும் உடையது என்கின்றான் என்று தோழி இடித்துரைக்கின்றாள். சுவை பொருளில் இல்லை, தருவாரிடத்தும் பெறுவாரிடத்தும் உள்ளது என்னும் எம் கருத்தைச் சங்கத் தோழியே கூறிவிட்டாள். சித்திரைப் பச்சடியில் வேப்பம்பூவை வெல்லத்தோடு கலந்து வீட்டார் யாவர்க்கும் தருதலின் உட்பொருளும் இதுவே போலும். கசப்பு நீங்குவதில்லை, பலர் கூடி உண்பதால் ஏற்கத்தக்கதாகின்றது.

பிற நாட்டு ஒப்புமை

சப்பானியரின் பழந்தொகை நூலான மன்யோசூ கி.பி. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. அதன் முதற்பாட்டு யூரியாக்கு என்னும் பேரரசனுக்கு உரியதாகக் கூறப்படுகின்றது. கூடையும் சிறுகோலும் ஏந்திக் குன்றின்மேல் கீரை கொய்யும் பெண்ணை நோக்கி, அவள் குடியும் பெயரும் வினவி, தான் நாடாளும் வேந்தன் என அவன் அறிவிக்கின்றான். அங்கும் கீரை கொய்தல் இழிவன்று. அதுவே காதலின் வாயில். வேந்தன் வாயில் காட்டுக்கீரை இடம்பெறுதல் கோப்பெருஞ்சோழனுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் போதரும். ஆயின் சப்பானிய வேந்தன் கீரையை வாழ்வின் தொடக்கத்தில் பாடினான். சோழன் முடிவில் பாடினான்.

வேளைச் செடி ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இன்றும் விரும்பி உண்ணப்படும் கீரை. கென்யா நாட்டில் அதனைப் பயிரிட்டும் உண்கின்றனர். அதன் கசப்பைத் தணிக்கப் பால் சேர்த்துச் சமைக்கின்றனர். ஆயர்மகள் வேளைப் பூவைத் தயிரிலிட்டது வெறும் புனைந்துரையன்று, சுவையறிந்த சமையல் முறை என்பதற்கு இது தக்க ஒப்புமை. வேளை வறியோர்க்கே உரியது என்று கொள்வார் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

உரைகாரர்க்கு ஒரு பணி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களில் எழுந்தபின் இப்பகுதியின் தோற்றம் விரைந்து மாறிற்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. ஏரிக்கரைப் புறம்போக்கும் வயல்வரப்பும் வீட்டுமனைகளாயின. எஞ்சிய வெற்றுமனைகளில் வேளையும் மூக்கிரட்டையும் முளைக்கின்றன. ஆயின் கழிவுநீர் தேங்குமிடத்தில் முளைப்பதை உண்ணற்கு எவரும் அஞ்சுவர். வேம்பு மட்டும் தெருவில் நிற்பதால் அதன் வழக்கம் மட்டும் நிலைத்துள்ளது.

இதனால் இலக்கியக் கல்விக்கு வரும் இழப்புச் சிறிதன்று. 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வழங்கியபோது, படித்தோர் பலர்க்கு வேளை வீட்டுப் புறத்தே நின்ற செடி. இன்று அது அகராதியில் ‘ஒருவகைச் செடி’ என்னும் அளவில் நிற்கின்றது. பூப்பது எப்போது, தளிர் மீண்டும் துளிர்க்க எத்துணை நாளாகும், கசப்பு எவ்வளவு என்பவற்றை அறியாதவர்க்கு, முற்றாத தளிர் என்பதன் கொடுமை எவ்வாறு விளங்கும்? கணுவில் மீண்டும் துளிர்த்தல் என்பது அவர்க்கு வெறும் அடைமொழியாகவே தோன்றும். தமிழ்த்துறைகள் சங்கச் செடிகளைச் சிறு தோட்டமாக வளர்த்து மாணவர்க்குக் காட்டுதல் உரை வகுத்தலின் ஒரு பகுதியே என்று கொள்ளுதல் தகும்.

நலம் கருதிக் காட்டுக்கீரையைப் போற்றுவார்க்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. விரும்பிய நாளில் விலைகொடுத்து வாங்கி உண்பார்க்கு வேளை சுவையே. வேறொன்றும் இன்மையால் நாள்தோறும் அதனையே கிள்ளுவார் இன்றும் உளர். இவ்விருவர் தட்டிலும் உள்ளது ஒன்றே எனினும் உணவு ஒன்றன்று. அவ்வேறுபாட்டைச் சங்கச் சான்றோர் மறைக்கவில்லை. நாம் அவர்தம் பாடல்களைக் கொண்டு மறைத்தல் ஆகாது.

தொகுத்துக் கூறின், சங்கச் செய்யுளில் காட்டுணவு தன்னளவில் வறுமையும் அன்று, வளமும் அன்று. அது முற்றும் வரை காத்திருக்க இயன்றவர்க்கும் திறந்த வாயிலில் பிறரோடு உண்ண இயன்றவர்க்கும் இன்பம். காத்திருக்க இயலாதவர்க்கும் கதவடைத்து உண்பவர்க்கும் துன்பம். பருவமே மறுக்கப்பட்டவர்க்கு அதனினும் பெருந்துன்பம். பாட்டில் ஒரு கீரையைக் காணும் மாணவர், அது எக்கீரை என்று வினவியதோடு அமையாது, அது முற்றியதா, எவரோடு உண்ணப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும். சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடியை வாயிலிடுவார் யாவரும் அவ்விரு வினாக்களுக்கும் விடையை அறிந்தவரே. அவ்வறிவைக் கொண்டு பழம்பாட்டைப் பயில்வதே நாம் செய்யத்தக்கது.